இம்ப்ரோவ் நடிப்பு வகுப்பில் சேரலாமா? காசு கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று குறும்படங்களில் நடித்திருக்கிறார், ஆடிஷன்களுக்கும் போய்வருகிறார். வசனத் தாளைக் கொடுத்தால் எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார், ஆனால் "நீங்களே ஒரு சிச்சுவேஷன் எடுத்துப் பண்ணுங்க" என்றால் கை கால் ஓடவில்லை. "நல்லா பண்றீங்க ப்ரோ, சொல்லி அனுப்பறோம்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. இப்போது சனி ஞாயிறுகளில் எட்டு வாரம் நடக்கும் ஒரு வகுப்பைப் பார்த்துவைத்திருக்கிறார். ஸ்கிரிப்ட் என்ற பேச்சே இல்லை, முழுக்க இம்ப்ரோவ்தான், அதாவது எழுதிய வசனம் இல்லாமல் அந்த நொடியில் தோன்றுவதைப் பேசி நடிப்பது. கட்டணம் கையைக் கடிக்கிறது. சேரலாமா, இல்லை அந்தக் காசுக்கு வேறு ஏதாவது உருப்படியாகச் செய்யலாமா?

அந்த வகுப்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் நடிப்பில் எங்கே இடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இம்ப்ரோவ் சில கோளாறுகளை ஆச்சரியப்படும் வேகத்தில் சரிசெய்யும், சிலவற்றைத் தொடக்கூடத் தொடாது, ஒன்றிரண்டை இன்னும் மோசமாக்கிவிடும்.

ஒரு சோதனை இருக்கிறது, செலவே இல்லை. ஒரு பக்க வசனம், ஒரு நண்பர், ஒரு செல்போன் போதும். மாமனாரிடம் மருமகன் கடன் கேட்கிற காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் வசனம்: "எவ்வளவு வேணும் மாப்ளே?" உங்கள் வசனம்: "ஒரு ரெண்டு லட்சம் இருந்தா சமாளிச்சிடுவேன் மாமா." இதையே மூன்று தடவை எடுங்கள். முதல் தடவை நண்பர் உண்மையான அக்கறையோடு கேட்கட்டும். இரண்டாவது தடவை அதே சொற்களை இளக்காரமாக, ஒரு சின்னச் சிரிப்போடு. மூன்றாவது தடவை உங்கள் முகத்தைப் பார்க்காமல், செல்போனைத் தள்ளிக்கொண்டே. எந்தத் தடவை எப்படிக் கேட்கப்போகிறார் என்று உங்களிடம் சொல்லக்கூடாது. பிறகு மூன்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, உங்கள் வரியை மட்டும் காதுகொடுத்துக் கேளுங்கள்.

மூன்றிலும் "ரெண்டு லட்சம்" ஒரே ராகத்தில் வந்தால், நீங்கள் எதிராளியைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் நின்று வசனத்தை மெட்டுப்போட்டு மனப்பாடம் செய்திருக்கிறீர்கள், எதிரே மாமனார் இருந்தாலும் மின்கம்பம் இருந்தாலும் அதே மெட்டுதான் வரும். நம் ஊரில் புதிதாக நடிக்க வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது, இதற்கு இம்ப்ரோவ் அருமையான பயிற்சி. அடுத்த வரி என்ன என்று உங்களுக்கே தெரியாதபோது எதிராளி சொல்வதைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மாறாக, மூன்று தடவையும் எதிர்வினை மாறியிருக்கிறது, ஆனால் வரியின் கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே போய்விடுகிறது, ளகரமும் ழகரமும் குழைகின்றன என்றால் உங்களுக்குத் தேவை குரல் பயிற்சி. பேச்சு சரி, ஆனால் உடம்பு கட்டை மாதிரி நிற்கிறது என்றால் உடல்மொழியிலிருந்து தொடங்குகிற இடத்தைத் தேடுங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை அந்த வழியில் வந்ததுதான், தெருக்கூத்தின் உடலசைவையும் குரலையும் நவீன நாடகத்துக்குள் கொண்டுவந்தார்கள். பசுபதி, குரு சோமசுந்தரம் இருவரும் அங்கிருந்து வந்தவர்கள். அவர்கள் சும்மா நிற்கும்போதுகூட அந்தப் பயிற்சி தெரியும்.

சரி, உங்கள் கோளாறு இம்ப்ரோவ் தீர்க்கிற கோளாறுதான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல், அந்தப் பெயரில் குறைந்தது இரண்டு வெவ்வேறு சரக்குகள் விற்கின்றன.

ஒன்று சிகாகோ வழி. அங்கே வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், ஹல் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தில் நெவா பாய்ட் என்பவரிடம் குழந்தைகள் விளையாட்டுகளைக் கற்றவர், அதையெல்லாம் வைத்து நாடக விளையாட்டுகள் என்று ஒரு முறையையே உருவாக்கினார். குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பலதரப்பட்ட மொழிகள், உட்காரவைத்து நடிப்புப் பாடம் நடத்தினால் வேலைக்காகாது. அதனால் ஒவ்வொரு விளையாட்டிலும் கவனம் வைக்க ஒரே ஒரு விஷயத்தைக் கொடுப்பார், பிள்ளைகள் அதில் மூழ்கியிருக்கும்போது நடிப்பு தானாக வந்துவிடும். அவருடைய மகன் பால் ஸில்ஸ் 1959 டிசம்பரில் இன்னும் இருவருடன் சேர்ந்து தொடங்கியதுதான் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை நாடகக் குழு. பில் மரே, டினா ஃபே, ஸ்டீவ் கரேல் போன்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர்கள் எல்லாம் அந்தப் பட்டறையில் தீட்டப்பட்டவர்கள். கவனிக்க வேண்டியது, அம்மா கொடுத்தது நடிப்புப் பயிற்சி, மகன் காலத்துக்குப் பிறகு அது பெரும்பாலும் நகைச்சுவை மேடையின் கருவியாகிவிட்டது. இன்று உலகம் முழுக்க இம்ப்ரோவ் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளில் பெரும்பாலானவை இந்த நகைச்சுவைக் கிளையைச் சேர்ந்தவை.

லண்டனில் ராயல் கோர்ட் தியேட்டரில் வேலைபார்த்த கீத் ஜான்ஸ்டன், பிறகு கனடாவின் கால்கரிக்குப் போய்விட்டவர், கிட்டத்தட்ட இதே காலத்தில் இன்னொரு பக்கமிருந்து வந்தார். அவருடைய ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன், இது எந்த வகுப்பில் கிடைத்தாலும் லாபம். நடிகர்கள் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் காட்சி மேடையில் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. அவர் சொன்னது, எதிரே இருப்பவரைவிட உன் அந்தஸ்தைக் கொஞ்சமே கொஞ்சம் மேலேயோ கீழேயோ வைத்துக்கொள் என்பதுதான். உடனே காட்சிக்கு உயிர் வந்துவிட்டது. பேசும்போது தலையை ஆட்டாமல் பேசினால் அந்தஸ்து ஏறும், முகத்தைத் தொட்டுக்கொண்டே பேசினால் இறங்கும். நம் ஊர் தாலுகா ஆபீஸில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பாருங்கள், கிளார்க்கும் மனு கொடுக்க வந்தவரும் இதைத்தான் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள். மாமனார் மருமகன் காட்சியும் உண்மையில் பணத்தைப் பற்றியதல்ல.

இரண்டாவது சரக்கு, ஸ்கிரிப்டை நோக்கிப் போகிற இம்ப்ரோவ். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 1930-களில், தன் கடைசிக் காலத்தில், இப்படிச் செய்ய வைத்தார்: காட்சியைப் படி, யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று புரிந்துகொள், தாளைக் கீழே வைத்துவிட்டு உன் சொந்த வார்த்தையில் அந்தக் காட்சியை நடித்துப் பார், திரும்ப வந்து எழுத்தோடு ஒப்பிடு, எதை விட்டாய் என்று பார், மறுபடியும் நடி. எழுதிய வசனம் கடைசியில்தான் வாய்க்குள் வரும், வரும்போது அதற்கு ஒரு காரணத்தோடு வரும். நியூயார்க்கில் ஸான்ஃபோர்ட் மைஸ்னர் என்ற நடிப்பு ஆசிரியர் செய்தது வேறு. இருவர் எதிரெதிரே நின்று ஒரே வரியை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். "நீ என்னைப் பாக்கல." "நான் உன்னைப் பாக்கல." "நீ என்னைப் பாக்கல." "நான் உன்னைப் பாக்கல." முதல் இரண்டு நிமிடம் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், சிரிப்பு வரும், அப்புறம் எரிச்சல் வரும், அந்த எரிச்சல் குரலில் ஏறும்போது வரி தானாக மாறும். யோசித்து மாற்றக்கூடாது, எதிராளி மாற்ற வைக்க வேண்டும். சினிமா நடிகராக விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். அதனால் வகுப்புக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எட்டு வாரத்தில் எப்போதாவது எழுதிய வசனத்தைக் கையில் எடுப்போமா?" இல்லை, அது எங்கள் கொள்கைக்கு விரோதம் என்ற மாதிரி பதில் வந்தால், நீங்கள் போவது நகைச்சுவை மேடை வகுப்புக்கு. அதுவும் நல்லதுதான், கூச்சம் போகும், நண்பர்கள் கிடைப்பார்கள், ஆனால் ஆடிஷனுக்கு அது பாதிக் கிணறுதான்.

ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருந்தால் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து வருவார்கள், ஒத்திகை கிடையாது, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஒருவர் மடக்க, மற்றவர் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் கூட்டம் விடாது. தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன், முன்வரிசையில் தூங்குகிறவரை வம்புக்கு இழுத்துவிட்டு அப்படியே கதைக்குள் திரும்புவார். ஆனால் இவர்களெல்லாம் வெறுங்கையோடு மேடையேறவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும், புராணக் கதைகளும், நூறு விதமான மடக்குப் பேச்சும் வாயில் ஊறிப்போயிருக்கும், அந்த இருப்பிலிருந்துதான் எடுத்து வீசுகிறார்கள். இருப்பை வளர்க்காமல் தன்னிச்சையை மட்டும் வளர்க்கிற வகுப்பில், நாலாவது வாரத்திலிருந்து எல்லோரும் ஒரே மாதிரிக் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப நடிப்பார்கள்: பிரேக்-அப், மேனேஜரோடு சண்டை, குடிபோதை. இதை நான் பல வகுப்புகளில் பார்த்து நொந்திருக்கிறேன்.

கட்டணம் அதிகமா குறைவா என்பதற்கு மொத்த மணிநேரத்தால் வகுத்துப் பார்க்காதீர்கள். நீங்கள் நடிக்கிற நிமிடத்தால் வகுங்கள். இரண்டு மணிநேர வகுப்பில் உடம்பைத் தளர்த்தும் பயிற்சிக்கும் வட்டமாக நின்று ஆடும் விளையாட்டுகளுக்கும் அரைமணி போய்விடும். மீதி 90 நிமிடம். ஒரு காட்சி 4 நிமிடம், அதைப் பற்றிப் பேச 4 நிமிடம் என்றால் 11 காட்சிகள். இருவர் காட்சி என்றால் 22 வாய்ப்பு. வகுப்பில் 20 பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு தடவை, 4 நிமிடம். சனி ஞாயிறு எட்டு வாரம், 16 வகுப்பு, எல்லாம் சேர்த்து நீங்கள் நடித்தது ஒரு மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதே வகுப்பில் 10 பேர்தான் என்றால் இரண்டு மடங்கு. மற்றவர்கள் நடிப்பதைப் பார்ப்பதிலும் கற்பது உண்டுதான், ஆனால் அதற்கு யாரும் அவ்வளவு காசு வாங்கக்கூடாது. எத்தனை பேர் என்று கேட்டால் "பேட்சைப் பொறுத்தது" என்று மழுப்பினால் 25 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான இடங்களில் ஒரு டெமோ வகுப்பு இருக்கும். போங்கள், ஆனால் நன்றாக வந்த காட்சிகளைப் பார்த்து மயங்காதீர்கள், அது அந்த இரண்டு பேரின் திறமையாக இருக்கலாம். சொதப்பிய காட்சிக்குப் பிறகு சொல்லிக்கொடுப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், அவருக்குத் தொழில் தெரியுமா என்பது அங்கேதான் வெளிப்படும். உதாரணத்துக்கு, பஸ் ஸ்டாண்டில் அண்ணன் தம்பி சந்திக்கிறார்கள். தம்பியாக நடிப்பவர் வந்ததும் "அண்ணா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்கிறார். அண்ணன் பதற்றத்தில் "நான் போன வாரம்தான் அமெரிக்காவிலேர்ந்து வந்தேன், எனக்குப் பத்து கோடி நஷ்டம்" என்று எங்கேயோ போய்விடுகிறார். வகுப்பே சிரிக்கிறது. சொல்லிக்கொடுப்பவரும் சிரித்துக் கைதட்டி "சூப்பர், எனர்ஜி செம்ம, அடுத்த ஜோடி வாங்க" என்றால் அங்கே கற்க ஒன்றும் இல்லை. "தப்பு, தம்பி சொன்னதை விட்டுட்ட" என்று சொல்லி உட்காரவைத்தால் பரவாயில்லை, பாதி வேலை. உருப்படியான ஆள் காட்சியை நிறுத்தாமலே ஓரத்திலிருந்து "அம்மா பேரைக் கேட்ட உடனே உன் கை என்ன பண்ணுது?" என்று ஒரு வார்த்தை எறிவார். ஸ்போலின் அம்மையார் பழக்கிவிட்ட முறை இது, ஆட்டம் நடக்கும்போதே ஓரத்திலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுவது. இல்லாவிட்டால் அதே ஜோடியை அதே இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வைப்பார். இரண்டாவது தடவை காட்சி மாறுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இம்ப்ரோவ் வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருகிற விதி, எதிராளி கொடுத்ததை மறுக்காதே, ஏற்றுக்கொண்டு மேலே ஒன்று சேர் என்பது. தம்பி "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைதான், அதில் தகராறு கூடாது. ஆனால் இந்த விதி காட்சியில் வரும் கதைக்கு மட்டும்தான். உங்கள் உடம்புக்கு அல்ல. எதிராளி தோளில் கை போடுகிறார், இழுக்கிறார், அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் காட்சியை நிறுத்துகிற உரிமை உங்களுக்கு உண்டு, "மறுத்தால் இம்ப்ரோவ் ஆகாது" என்று யாராவது சொன்னால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். குறிப்பாகப் பெண்கள் டெமோவிலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது: தொடுவதைப் பற்றி உங்கள் வகுப்பில் என்ன ஏற்பாடு? நல்ல இடத்தில் பதில் தயாராக இருக்கும். அதேபோல "உன் வாழ்க்கையில் நடந்த மோசமான சம்பவத்தை நினைச்சு அழு" என்று முதல் வாரமே கிண்டுகிறவர்களிடமும் எச்சரிக்கை. அழவைப்பது சுலபம், அழுதவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். பட வாய்ப்பு வாங்கித்தருகிறோம், போர்ட்ஃபோலியோவுக்குத் தனியாகக் கட்டுங்கள் என்கிற கோஷ்டியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இம்ப்ரோவ் மோசமாக்குகிற விஷயங்களும் உண்டு என்றேன். மேடையில் பத்தாவது வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய முகமும் குரலும் க்ளோஸ்-அப்பில் கேமராவுக்கு ஆகாது. வாய் வளர்ந்துவிடும், எழுதிய ஒரு வரிக்கு முன்னும் பின்னும் "அது வந்து", "இல்ல பாரு", "நான் என்ன சொல்றேன்னா" ஒட்டிக்கொள்ளும். வசனகர்த்தாவுக்கும் பிடிக்காது, பின்னால் டப்பிங்கில் அத்தனை உதட்டசைவையும் நிரப்ப வேண்டியது நீங்கள்தான். ஒவ்வொரு டேக்கிலும் புதிதாக ஏதாவது செய்யத் தோன்றும், ஆனால் முதல் டேக்கில் "மாமா" என்ற சொல்லில் காபி டம்ளரைத் தூக்கினால் ஐந்தாவது டேக்கிலும் அதே சொல்லில் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் எடிட்டர் வெட்ட முடியாது. அப்புறம் நம் படப்பிடிப்பில் இன்னொன்று இருக்கிறது, உங்கள் க்ளோஸ்-அப் எடுக்கும்போது எதிர் நடிகர் கேரவனுக்குப் போயிருப்பார், கேமரா பக்கத்தில் ஒரு உதவி இயக்குநர் தட்டையான குரலில் வரியை வாசிப்பார், சில நேரம் உங்கள் வரியையும் ப்ராம்ப்ட் செய்வார். எதிராளி கொடுப்பதை வைத்தே நடிக்கப் பழகியவர் இங்கே தடுமாறுவார். பிரிட்டனின் மைக் லீ மாதிரி இயக்குநர்கள் மாதக்கணக்கில் நடிகர்களை இம்ப்ரோவ் செய்யவைத்துப் படத்தை உருவாக்குகிறவர்கள்தான், 1996-இல் கான் விழாவின் உயரிய விருதையே அப்படி உருவான படத்துக்கு வாங்கினார், ஆனால் அவருக்கும்கூட கேமரா ஓடும்போது பெரும்பாலும் வசனம் கெட்டிப்பட்டிருக்கும். தேடுவதெல்லாம் ஒத்திகையில்.

மொழி விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் இந்த வகுப்புகள் பலவும் பாதி ஆங்கிலத்தில் நடக்கின்றன. நீங்கள் போகப்போவது தமிழ்ப் படத்து ஆடிஷனுக்கு. யோசிக்க நேரமில்லாத நொடியில் வாயில் வருகிற சொல்தான் இம்ப்ரோவில் பழகும். அது ஆங்கிலமாகப் பழகிவிட்டால், உசிலம்பட்டிக்காரராக நடி என்று சொன்னதும் உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேலைசெய்ய ஆரம்பித்துவிடுவார், அந்த அரை நொடித் தாமதம் கண்ணில் தெரியும். காட்சிகளைத் தமிழில் செய்ய அனுமதி உண்டா, சொல்லிக்கொடுப்பவருக்கு வட்டார வழக்கின் ஏற்ற இறக்கம் காதில் விழுமா என்று கேளுங்கள்.

இனி உங்கள் விஷயம். தாள் இருந்தால் ஒப்பேற்றுகிறீர்கள், இல்லாவிட்டால் உறைந்துபோகிறீர்கள் என்கிறீர்கள். இது இம்ப்ரோவுக்கு நேராகப் பொருந்துகிற கோளாறு, அந்த மாமனார் சோதனையிலும் மூன்றும் ஒரே ராகமாகத்தான் இருக்கும் என்று என் ஊகம். ஆகவே வகுப்பில் 12 பேருக்கு மேல் இல்லை, தமிழில் நடிக்கலாம், சொதப்பிய ஜோடியைத் திரும்ப நிறுத்திவைக்கிற வாத்தியார் என்ற மூன்றும் இருந்தால் சேருங்கள். ஒன்று இடித்தால் பேரம் பேசுங்கள், முதல் நாலு வாரத்துக்கு மட்டும் கட்ட முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், உறைந்துபோகிற பிரச்சினைக்கு நாலு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டு இடித்தால் விட்டுவிடுங்கள். அந்தக் காசில் கொஞ்சத்தை எடுத்து ஒரு நாடகக் குழுவோடு ஒரு முழு நாடகத்துக்கு ஒத்திகை பாருங்கள், சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்காலம் ஒத்திகை பார்க்கும் குழுக்கள் உண்டு, பெரும்பாலும் காசே கேட்க மாட்டார்கள், நாற்காலி தூக்கச் சொல்வார்கள்.

எப்படியும் வகுப்பு நடக்கும் வாரங்களில் வாரத்துக்கு ஒரு பக்க வசனம் எடுத்து, ஸ்டானிஸ்லாவ்ஸ்கி சொன்ன மாதிரி முதலில் சொந்த வார்த்தையில், பிறகு எழுதியது எழுதியபடி, செல்போனில் எடுத்துவையுங்கள். ரசீது வாங்கும்போது இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் போதும்.